பாஸைத் தேடி நெய்வேலிக்கு

சந்திரனின் அம்மா கேட்டுக்கொண்டதால்தான் நான் நெய்வேலிக்குப் போனேன். ஐம்பத்து மூன்று வயதில், இரண்டு முட்டியும் தேய்ந்துபோன ஒரு பழைய கோல்கீப்பருக்கு மலேசியாவை விட்டுக் கிளம்ப வேறு காரணம் எதுவும் இல்லை. இந்தியாவுக்கு அதுதான் முதல் பயணம். திரும்பி வந்ததும் எல்லாரும் தாஜ்மகால் பார்த்தாயா என்று கேட்டார்கள். நான் வடலூரையும் நெய்வேலியையும் தாண்டவில்லை.

முதலில் பாஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் அருளப்பன். ஈப்போவுக்கு வெளியே இருந்த எங்கள் சின்ன கால்பந்து கிளப்புக்கு அவர் கோச்சாக வந்தபோது எனக்கு இருபது வயது. நெய்வேலி சுரங்க அணியில் ஆடி, கல்கத்தாவுக்குப் போய் ஆடி, அங்கே முட்டி உடைந்து, கோச்சிங் படித்துவிட்டு எங்களிடம் வந்தவர். நாங்கள் யாரும் அவர் பெயரைச் சொன்னதில்லை. பாஸ்தான். அவர் கையில் எங்கள் அணி அடித்தட்டிலிருந்து ஏறி ஏறி முதல் டிவிஷனுக்கு வந்தது. பிறகு அவரையே ஜெனரல் மேனேஜர் ஆக்கினார்கள். யாரை எடுப்பது, யாரை விடுவது, பஸ் எத்தனை மணிக்கு, ஜெர்சியை யார் துவைப்பது, எல்லாம் அவர்தான். டை கட்டிக்கொண்டு மாடி ஜன்னலில் நின்று நாங்கள் ஓடுவதைப் பார்ப்பார். அந்த முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

அவருக்குப் பின் வந்த கோச் சீசன் நடுவில் விட்டுவிட்டுப் போனார். வேறு ஆள் கிடைக்கும்வரை பாஸே கீழே இறங்கிவந்து பயிற்சி கொடுத்தார். அப்படி இரண்டாவது வாரம், ஒரு மாலை, மைதானத்தில் மின்னல் விழுந்தது. வலது ஓரத்தில் ஆடிய சந்திரன் அங்கேயே போய்விட்டான். இருபத்து நான்கு வயது.

விசாரணையில் பாஸ் ஒரே வாக்கியம்தான் சொன்னார். பயிற்சியை நிறுத்தாதது என் தவறு. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஒரே மாதத்தில் ஊருக்குப் போய்விட்டார். அதன்பிறகு இருபத்திரண்டு வருடங்களாக எங்களில் யாரும் அவரைப் பார்க்கவில்லை.

இப்போது அந்த மைதானத்துக்குச் சந்திரன் பெயர் வைக்கிறார்கள். அவன் அம்மா லெட்சுமியம்மாள் திறந்துவைக்க வேண்டும். அவரோ என்னைக் கூப்பிட்டு, "அருளப்பன் சார் வரணும் மணியம். அவரை ஒண்ணு கேக்கணும். என் பிள்ளை கடைசியா என்ன பேசினான்? பக்கத்துல நின்னது அவருதானே" என்றார். மூன்று கடிதம் போட்டோம். பதில் இல்லை. அதனால் நான் கிளம்பினேன். பாஸிடம் சொல்ல எனக்கும் ஒன்று இருந்தது. அதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

வடலூரில் லாட்ஜ். இறங்கிய அன்று காலை சத்திய ஞான சபைப் பக்கம் போய்த் தருமசாலையில் சாப்பிட உட்கார்ந்தேன். சுடுசாதம், சாம்பார், ஒரு கூட்டு. எங்கள் ஊரில் இப்படி இனாமாகப் போட்டால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள். இங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைத் தவிர. அவர் பஸ் கண்டக்டர், அன்று லீவு.

"எங்கேருந்து வரீங்க?"

"மலேசியா."

"யாரப் பாக்க வந்தீங்க?"

"அருளப்பன்னு ஒருத்தர். ஃபுட்பால் கோச்சா இருந்தவர்."

அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். "கிரவுண்டு சாரா?" என்றார். நான் தலையாட்டினேன். அவர் அவசரமாகச் சாப்பிட்டு எழுந்து போய்விட்டார்.

கிளப்பின் பழைய ஃபைலில் இருந்த விலாசம் டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸ். பாஸின் அப்பா சுரங்கத்தில் பர்மனென்ட் தொழிலாளியாக இருந்தபோது கிடைத்த வீடு. டவுன்ஷிப்புக்குள் பஸ் நுழைந்ததும் எனக்கு நான் பிறந்த ரப்பர் தோட்டத்து லயங்கள்தான் ஞாபகம் வந்தன. அதே மாதிரி நேர்நேரான தெருக்கள், ஒரே அச்சில் வார்த்த வீடுகள். ஆனால் இங்கே மரம் அதிகம், ஆள் குறைவு. ஷிஃப்டுக்குப் போனவர்கள் போக மீதிப்பேர் தூங்குகிறார்கள். எங்கிருந்தோ ஒரு முனகல் மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. சுரங்கத்து கன்வேயர் ஓடுகிற சத்தமாம். இரண்டு மணி நேரத்தில் காது அதை மறந்துவிட்டது. பிறகு திடீரென்று ஞாபகம் வந்து கேட்டது. அது இன்னும் மோசம்.

பிளாக் நம்பரைக் கண்டுபிடித்தேன். தெருவைக் கண்டுபிடித்தேன். தெருவில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. கதவுகளைக் கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள். இடிப்பதற்காகக் காலி செய்த வரிசை. பாஸின் வீட்டுச் சமையலறைக்குள் ஒரு வேப்பமரம் வளர்ந்து கூரையைத் தள்ளிக்கொண்டு வெளியே போயிருந்தது.

வந்ததற்கு உள்ளே போய்ப் பார்த்தேன். முன் அறைச் சுவரில் சாக்பீஸால் ஒரு கால்பந்து மைதானம் வரைந்திருந்தது. பதினோரு வட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். சுப்ரா, அஸ்மி, டேவிட், குமார். எங்கள் அணி. கோல் முன்னால் சாய்ந்த எழுத்தில் 'மணியம்'. அது நான். வலது மூலையில் 'சந்திரன்'. அவன் வட்டத்திலிருந்து மட்டும் ஒரு அம்புக்குறி மைதானத்துக்கு வெளியே போனது. அந்த அம்புக்குறியைத் திரும்பத் திரும்ப அழுத்தி வரைந்து சுவரில் பள்ளமே விழுந்திருந்தது.

சாக்பீஸ் தூள் தரையில் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். அன்றைக்கோ முந்தின நாளோ உதிர்ந்தது.

அடுத்த தெருவில் ஒரு அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கணவருக்குச் சுரங்கத்தில் வேலை. நான் எந்த வீட்டிலிருந்து வெளியே வந்தேன் என்று பார்த்ததும் துணியை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"உள்ளயா போனீங்க? அந்த சாரத் தவிர யாரும் போக மாட்டாங்க."

"அவர் இப்ப எங்கம்மா இருக்கார்?"

"வீடு வடலூர்ல. ஆனா தினம் இங்க வந்துட்டு, அப்புறமா கிரவுண்டுக்குப் போவாரு. அஞ்சு மணிக்குக் கோச்சிங்."

"யாருக்கு?"

அவர் கொடியில் ஒரு சட்டையைப் போட்டு, கிளிப் மாட்டினார். "அது தெரியலிங்க. நாங்க அந்நேரத்துக்குப் பிள்ளைகள அந்தப் பக்கம் விடறதில்ல."

மதியம் டீக்கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருக்கும்போது மண்ணுக்குள்ளிருந்து ஒரு இடி இடித்தது. கண்ணாடி டம்ளர்கள் அடுக்கில் கிணுகிணுத்தன. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடையில் ஒருவரும் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மைன்ஸ்ல வெடி போட்டாங்க" என்றார் டீ ஆற்றியவர். தினமும் இந்தச் சத்தத்தோடு பாஸ் எப்படி இருக்கிறார் என்று நினைத்தேன்.

நாலரை மணிக்கு ஒரு ஆட்டோ பிடித்தேன். டிரைவர் கம்மாபுரம் பக்கத்துக்காரர், தலை முழுக்க நரை. "அருளப்பன் சார் கிரவுண்டுக்குப் போகணும்" என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். டவுன்ஷிப் முடிந்தது. முந்திரித் தோப்பு வந்தது, அதுவும் முடிந்தது. தப்பான வழி என்று எனக்குத் தோன்றியபோது ரோடே ஒரு கம்பி வேலியில் முடிந்தது. அங்கே ஒரு பஸ் ஸ்டாப் நிழற்குடை இருந்தது. அதில் ஒரு ஊரின் பெயர் எழுதியிருந்தது. சுற்றிலும் ஊர் இல்லை.

"இதாங்க கிரவுண்டு" என்றார்.

வேலிக்கு அப்பால் பூமி இல்லை. பள்ளம் என்று சொன்னால் போதாது. படிப்படியாக இறங்கி, அடியில் கறுப்பாக, மறுகரை புழுதியில் மங்கிப்போகும் அளவுக்கு அகலம். அதனுள் ஒரு ராட்சதச் சக்கரம் மெதுவாகச் சுற்றி மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது.

டிரைவர் விரலை நீட்டினார். கீழே காட்டவில்லை. எங்கள் கால்மட்டத்துக்கு நேராக, வெறும் காற்றில் காட்டினார். "அந்தா, அந்த எடத்துலதான் ஒரு கோல் போஸ்ட். இந்தாண்ட இன்னொண்ணு. நான், அருளப்பன், அவங்க தம்பி எல்லாம் வெறுங்கால்ல ஆடிகினு இருப்போம். மைன்ஸுக்கு ஊரை எடுத்தாங்க, அவங்கப்பாவுக்கு வேலை வந்துச்சு, குவார்ட்டர்ஸ் போனாங்க. அவரு மைன்ஸ் டீமுல சேந்தாரு. அப்புறம் கல்கத்தா, அப்புறம் உங்க ஊரு. பெரிய ஆளாயிட்டாரு."

"நான் கேட்டது இப்ப அவர் போற கிரவுண்டுங்க."

அவர் கையை இறக்கினார். "அங்கயா? அங்க நான் வண்டி ஓட்ட மாட்டேங்க. பஸ்ஸுல போயிக்குங்க."

திரும்பும்போது இருட்டிவிட்டது. முதல் நாள் அப்படிப் போயிற்று.

இரண்டாம் நாள் காலை இட்லி, வடைகறி. எங்கள் ஊர் ரொட்டி சானாய்ப் பரோட்டாவுக்கு ஈடில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஆறு இட்லி சாப்பிட்டேன். பாஸின் வீட்டு முகவரியை லாட்ஜ்காரர் விசாரித்துச் சொன்னார். போனால் பூட்டியிருந்தது. அவரும் அவர் மனைவியும் மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு உறவினர் வீட்டுத் துக்கத்துக்குப் போயிருப்பதாகவும் மாலைக்குள் வந்துவிடுவார்கள் என்றும் எதிர்வீட்டில் சொன்னார்கள். சரி, மைதானத்திலேயே பார்த்துக்கொள்வோம் என்று பஸ் ஏறினேன். அது வழியில் டயர் வெடித்து நின்றது. அடுத்த பஸ் வர முக்கால் மணி நேரம்.

இறங்கும்போது மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மைதானம் டவுன்ஷிப்பின் ஓரத்தில், காலியான வரிசைகளுக்குப் பின்னால். புல் பாதி, மண் பாதி. நடுவில் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கூம்புகள் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. ஒரு பந்து கிடந்தது. ஒரு தண்ணீர் பாட்டில், மூடி திறந்தபடி. ஆள் யாரும் இல்லை.

கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் நின்றிருந்தார். கான்ட்ராக்ட் வேலைக்காரர், உள்ளூர்.

"இப்பதாங்க ஓடனாரு. மேகத்தப் பாத்தா ஒரு நிமிசம் நிக்க மாட்டாரு."

"எல்லாத்தையும் போட்டுட்டா?"

"ஆமாங்க. நாந்தான் பொறுக்கி வைப்பேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "கறுத்துகினு வந்தா விசில் ஊதிட்டு, எல்லாரும் உள்ள போங்க, உள்ள போங்கன்னு கத்துவாருங்க. கிரவுண்டுல ஒரு ஈ காக்கா இருக்காது. கைய வீசி வீசி ஓட்டுவாரு. அப்புறம் அந்த மூலைய பாத்துகினு ஒருத்தன மட்டும் பேர் சொல்லிக் கூப்புடுவாரு. வாடா, வாடான்னு. கெஞ்சுவாருங்க. அவன் வர மாட்டேங்கிறான் போல. கடைசியில இவரு மட்டும் ஓடிடுவாரு."

"என்ன பேர் சொல்வார்?"

"சந்திரன்னு வரும்ங்க."

நான் அந்த மூலையைப் பார்த்தேன். கார்னர் கொடி ஊன்றுகிற இடத்தில் ஒரு கூம்பு இருந்தது. அவ்வளவுதான். முதல் துளி விழுந்ததும் எனக்கும் அங்கே நிற்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடமாக நானும் மழையில் திறந்தவெளியில் நின்றதில்லை.

மூன்றாம் நாள் காலை மேரி அக்கா கதவைத் திறந்தார். பாஸின் மனைவி. ஈப்போவில் எங்கள் பதினெட்டுப் பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு வைத்துப் போட்டவர். என்னைப் பார்த்ததும் கத்திவிட்டார். பிறகு என் கன்னத்தைத் தடவி, "தொப்பை போட்டுட்டியே மணியம்" என்று அழுதார்.

பாஸ் வீட்டில் இல்லை. துக்க வீட்டில் மூன்றாம் நாள் பூசை, மறுபடி மேல்பட்டாம்பாக்கத்துக்குப் போயிருந்தார். அக்கா வறுத்த மீனும் ரசமும் வைத்து என்னை உட்காரவைத்தார். அலமாரியில் எங்கள் மூன்று கடிதமும், குவார்ட்டர்ஸ் விலாசத்தைத் தபால்காரர் அடித்து இந்த விலாசம் எழுதியபடி, பிரிக்காமல் இருந்தன.

"பிரிக்கலையேக்கா?"

"அந்த ஊர் ஸ்டாம்ப்ப பாத்தாலே அவரு எடுத்து உள்ள வச்சுடுவாரு மணியம். வேற ஒரு கொறையும் இல்ல. காலையில பேப்பர் படிப்பாரு, மார்க்கெட்டுக்குப் போவாரு, என்னோட சண்டை போடுவாரு. புத்தி நல்லாத்தான் இருக்கு. டாக்டரும் அதேதான் சொல்றாரு. அஞ்சு மணியானா மட்டும் இங்க இருக்க மாட்டாரு."

"நீங்க கூடப் போய்ப் பாத்திருக்கீங்களா?"

"ஒரே ஒரு தடவ." அக்கா என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தார். "அவரு பேசுவாரு, அப்புறம் பதிலுக்கு நிறுத்துவாரு. நான் ஓரமா உக்காந்திருந்தேன். நாலாவது தடவ நிறுத்தினப்ப நானும் பதிலுக்குக் காத்துகினு இருந்தேன். அதான் அப்புறம் போகல."

பாஸ் டிராக் சூட்டையும் விசிலையும் பையில் எடுத்துப் போயிருக்கிறார், பஸ்ஸிலிருந்து நேராக மைதானத்துக்குத்தான் போவார் என்றார். நீ அங்கேயே போ என்றார்.

ஐந்து மணிக்கு முன்பே போய்விட்டேன். வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. வேலி ஓரம் நின்று பார்த்தேன். மைதான நடுவில் ஒரு கிழவர், டிராக் சூட், கழுத்தில் விசில், முதுகை எனக்குக் காட்டி. முடி ஒன்றுகூடக் கறுப்பில்லை. ஆனால் நிற்கிற தினுசு அதேதான், வலது கை இடுப்பில், இடது முட்டி கொஞ்சம் மடங்கி.

"சுப்ரா, இடது பக்கம் மூடு! அஸ்மி, நீ எங்க போற? பின்னால வா, பின்னால!"

குரல் ஒரு இழை மாறவில்லை. சொல்லிவிட்டு நிறுத்தினார். யாரோ ஓடிவந்து இடத்தில் நிற்கும்வரை காத்திருக்கிற மாதிரி. பிறகு தலையாட்டினார். சுப்ரா இப்போது பினாங்கில் டாக்சி ஓட்டுகிறான். அஸ்மிக்குப் பேரப்பிள்ளைகள்.

நான் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தேன். அவர் திரும்பவே இல்லை. "மணியம், ஏன் லேட்டு? கோல்ல போய் நில்லு" என்றார்.

என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாரா, தினமும் சொல்வதைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. கால்கள் தானாகப் போயின. செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நின்றேன். முட்டி மடங்கியது.

அவர் விசில் ஊதினார். திரும்பிப் பந்தை உதைத்தார். அது உருண்டு வந்தது, வேகமே இல்லை. நான் குனிந்து எடுத்தேன்.

பந்து நின்றுபோனதைப் பார்த்ததும் அவர் அசையாமல் நின்றார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு அடியாக என்னிடம் வந்தார். பத்தடி தூரத்தில் நின்றுவிட்டார்.

"மணியம். நீ எப்படா செத்த?"

"சாகல பாஸ். பிளேன்ல வந்தேன். முந்தாநாள்."

அவர் கிட்டே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொருவனுக்கும் பார்ப்பாரே, அதே மாதிரி நாடியில் கட்டைவிரலை வைத்து, தன் வாட்சைப் பார்த்து, உதட்டை அசைத்து எண்ணினார். முழுசாக ஒரு நிமிடம்.

"தொண்ணூத்தாறு. உடம்பே பாக்கறதில்லையா நீ?" என்றார். அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டார். துக்க வீட்டு ஊதுபத்தி வாசனை அவர்மேல் இருந்தது.

கோல் கம்பத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தோம்.

"பயந்துட்டேன்டா. இத்தன வருசமா உங்க எல்லாரையும் கூப்புடுவேன். ஒருத்தனும் வர மாட்டீங்க. அவன் மட்டுந்தான் வருவான். அதுனால நீ வந்து நின்னதும் அப்படிக் கேட்டுட்டேன்."

"இப்ப இருக்கானா பாஸ்?"

அவர் வலது மூலையைப் பார்த்தார். "அங்கதான். பந்துக்காக நிக்கறான்."

நானும் பார்த்தேன். காய்ந்த புல், ஆரஞ்சுக் கூம்பு. எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ரொம்ப நேரம் அங்கே பார்க்க என்னால் முடியவில்லை.

அப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் சொல்லவே மாட்டேன் என்று தெரிந்தது. சொன்னேன். அன்று கார்னர் உதை பயிற்சி. மழை இன்னும் தொடங்கவில்லை, காற்றில் வாசனை மட்டும். பாஸ் ஆஃபீஸ் ஷூவோடு நின்றிருந்தார். போதும், உள்ளே போங்க என்று விசில் ஊதிவிட்டார். அதற்கு முந்தின கார்னரில் சந்திரன் அடித்த பந்து என் கைக்கு மேலே போய்க் கோல் ஆகியிருந்தது. எனக்கு ரோஷம். கோலிலிருந்து கத்தினேன்: இன்னும் ஒண்ணு பாஸ்! அவர் வானத்தைப் பார்த்தார், சிரித்தார், பந்தைச் சந்திரனிடம் போட்டார். அவன் அதை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனான். பிறகு எல்லாம் வெள்ளையாகிவிட்டது.

"நான்தான் பாஸ் கேட்டேன். நீங்க பழியை ஏத்துக்கிட்டப்ப நான் வாயைத் திறக்கல. உங்க வேலையும் போச்சு, பேரும் போச்சு."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"நீயா? நீ எதுவும் சொல்லலியேடா."

"சொன்னேன் பாஸ்."

"நீ கோல்ல நின்னுகினு இருந்த. காத்து எதிர்க்காத்து. உங்குரலு எனக்கு எப்படிக் கேக்கும்? கேட்டது சந்திரன். எம் பக்கத்துல நின்னுகினு இருந்தான். என் சட்டக் கையப் புடிச்சு இழுத்தான். இன்னும் ஒண்ணு பாஸ்னான். சிரிச்சுகினே."

என் தொண்டை வலித்த அளவுக்குக் கத்தியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"அப்ப ஏன் பாஸ் விசாரணையில அதச் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? ஒம் புள்ளைதாம்மா கேட்டான்னு அந்தம்மா காதுல போய் விழணுமா? செத்தவன் மேல போட்டுட்டு நான் வீட்டுக்குப் போறதா?" அவர் புல்லைப் பிடுங்கிக்கொண்டே பேசினார். "அதோட, அவன் கேக்காட்டியும் நான் குடுத்திருப்பேன் மணியம். நாலு வருசம் ஃபைலு, போனு, கையெழுத்து. மாடியில நின்னு உங்களப் பாத்துப் பாத்து வெந்து போயிருந்தேன். கீழ எறங்கி வந்த அந்த ரெண்டு வாரம் எனக்குச் சொர்க்கம். கிரவுண்ட விட்டுப் போக எனக்கே மனசு வரல. வானத்தப் பாத்தேன். தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் பந்தப் போட்டேன்."

நான் லெட்சுமியம்மாள் கேட்டதைச் சொன்னேன். கடைசியா என்ன பேசினான். அவர் பிடுங்கிய புல்லைக் கீழே போட்டார். கன்வேயர் சத்தம் மறுபடியும் காதுக்குள் வந்தது.

"அதத் தவிர வேற எதுவும் கேக்கறாங்களா?"

"இல்ல பாஸ். அது ஒண்ணுதான்."

"போடு" என்றார்.

மலேசியாவில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். லெட்சுமியம்மாள் உடனே எடுத்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு பாஸிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, நான் அருளப்பன் பேசறேன்."

அந்தப் பக்கம் யாரோ டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள்.

"மணியம் சொன்னான். நீங்க கேட்டது. அவன்... இன்னும் ஒண்ணு பாஸ்னு சொன்னாம்மா. அதான் கடைசி. கேட்டுட்டு ஓடினான். தப்பு அவம் மேல இல்லம்மா. நான் குடுத்திருக்கக் கூடாது."

லைன் போய்விட்டதோ என்று நான் போனை எட்டிப் பார்த்தேன். பிறகு லெட்சுமியம்மாள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

"அப்படித்தான் சொல்வான் சார். தோசை ஊத்தினா அடுப்ப அணைக்க விட மாட்டான். இன்னும் ஒண்ணும்மா, இன்னும் ஒண்ணும்மாம்பான். அவன்தான் சார். எம் பிள்ளையேதான். வலியில கத்தினானோ, அம்மான்னு கூப்பிட்டானோன்னு இருபத்திரெண்டு வருசமா கெடந்து செத்தேன். சிரிச்சானா சார்?"

"சிரிச்சுகினே போனாம்மா."

"நீங்க வாங்க சார். வந்து என் வீட்டுல சாப்பிடுங்க."

"வரேம்மா" என்றார் பாஸ்.

சொன்னபடி வந்தார். மேரி அக்காவும் வந்தார். திறப்பு விழாவில் லெட்சுமியம்மாள் அவர் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. அது எங்கள் ஊர்க் கதை, எல்லாரும் பார்த்தது. அன்று மாலை நெய்வேலியில் நடந்ததை நானும் அவரும் மட்டும்தான் பார்த்தோம்.

போனை வைத்ததும் எழுந்து கூம்புகளைப் பொறுக்கினோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மூலையில் இருந்த கடைசிக் கூம்பை எடுக்கப் போகாமல் பாஸ் நடுவிலேயே நின்றுவிட்டார்.

"பாஸ், நான் கத்தினது நெசம். எனக்கு இன்னும் என் குரல்தான் கேக்குது" என்றேன்.

"இருக்கலாம்டா. ரெண்டு பேரும் ஒண்ணாக் கேட்டிருக்கலாம்." அவர் மூலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னைக்கு அவன் என்னப் பாக்கல மணியம். ஒன்னத்தான் பாத்துகினு இருக்கான்."

என் கையில் கூம்புகள் ஒன்றோடொன்று உரசிக் கடகடத்தன. ஓடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்த மூலைக்கு நடந்தேன். கூம்பை எடுத்தேன். புல்லில் யாரும் இல்லை. அங்கே மட்டும் காற்று இல்லாத மாதிரி இருந்தது. அவன் செத்த நாளிலிருந்து நான் அவன் பெயரை அவனைக் கூப்பிடுவதற்காகச் சொன்னதில்லை.

"சந்திரா, வா. போதும். உள்ள போகலாம்" என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பாஸ் எனக்கு முன்னால் கேட்டுக்குப் போயிருந்தார். நான் தாண்டி வெளியே வந்தேன். அவர் கேட்டைச் சாத்தவில்லை. இன்னொரு ஆள் கடந்து வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அதைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் சாத்தினார்.